கணக்குக் கேட்பது காட்டிக்கொடுப்பதா?

எமது பகுதியில் எந்தச் சபையிலாவது, எந்தச் சங்கத்திலாவது, எந்தக் கோயிற் பரிபாலனத்திலாவது ஒருவர் எழுந்து, “ஐயா, போன வருடத்துக் கணக்கை வாசியுங்கள்” என்று கேட்டுவிட்டால், அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் கணக்காக இருப்பதில்லை. “இந்த நேரத்தில் இதைக் கிளறலாமா? கொழும்பு கேட்டுச் சிரிக்காதா?” என்பதே விடை. கேட்டவர் அன்று முதல் சந்தேகத்துக்குரியவராகின்றார். அவர் எந்தக் கட்சியின் ஆள், எவருடைய தூண்டுதலால் எழுந்தார், தலைவரோடு அவருக்கு முன்னொருகால் எல்லைவேலிப் பிணக்கு இருந்ததா என்பன எல்லாம் துருவி ஆராயப்படுகின்றன. ஆராயப்படாமல் எஞ்சுவது ஒன்றே. அது கணக்கு.

1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றிய நாள் தொட்டு நாம் கேட்டு வந்தது என்ன? மொழியுரிமை கேட்டோம், நிலவுரிமை கேட்டோம். இவை மேடையில் முழங்கியவை. இவற்றோடு, அதிக முழக்கமில்லாமல், எழுத்தில் மட்டும் இடம்பெற்று வந்த மற்றொன்றும் உண்டு. 1957 யூலையில் கைச்சாத்தாகிய பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கையை எடுத்து வாசியுங்கள். பிராந்திய சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் இருக்கும், மத்திய அரசாங்கம் மொத்தத் தொகையாக மானியம் வழங்கும் என்று அதிலே கண்டிருக்கின்றது. எங்கள் பணத்தை நாங்களே திரட்டி, எங்கள் தேவைக்கு நாங்களே செலவிட வேண்டும் என்பதே அதன் பொருள். சுயாட்சிக் கோரிக்கையின் பெரும்பாகம் திறைசேரியின் திறப்பைப் பற்றிய வழக்கேயாகும். திறப்பைத் தா என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடுகின்ற ஓர் இனம், தன் கையில் ஏற்கெனவே இருக்கின்ற சிறு பெட்டியைத் தன் மக்களுக்கே திறந்து காட்ட மறுக்குமாயின், அந்த வழக்கை எந்த முகத்தோடு நடத்துவது?

சிறு பெட்டி என்று சொன்னது உள்ளூராட்சி மன்றங்களை. 2018 பெப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதி எவருமின்றி ஆணையாளர்களும் செயலாளர்களுமே அவற்றை நடத்தினர். 2025 மே 6ஆம் திகதி வாக்களித்தோம். யூனில் புதிய சபைகள் கூடின. வட மாகாணத்தில் 34 மன்றங்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 17. அவற்றுட் பெரும்பாலானவற்றில் தமிழ்க் கட்சிகளே ஆட்சியமைத்தன. மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்து, ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றிக் கிடந்தது. ஆகவே எமது கையில் எஞ்சிய ஒரே ஆட்சி இந்த ஆட்சிதான். குப்பை அள்ளும் ஆட்சி, தெருவிளக்குப் போடும் ஆட்சி என்று எளிதாக எண்ணுவோர் எண்ணட்டும். அங்கே புழங்கும் பணம் எளிதானதன்று.

ஓர் உதாரணம். நொத்தாரிசு மேசையில் நாள்தோறும் காணும் உதாரணம். ஐம்பது இலட்ச ரூபாவுக்கு ஒருவர் காணி வாங்குகின்றார். முதல் ஓர் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று, மிகுதிக்கு நூற்றுக்கு நான்கு என்ற கணக்கில் அவர் 199,000 ரூபா முத்திரைத் தீர்வை செலுத்துகின்றார். இது கொழும்புக்குப் போகும் பணம் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கின்றனர். இல்லை. இது மாகாணத்துக்குரிய வருமானம். மாகாணத்தின் வழியாக அந்தக் காணி கிடக்கும் இடத்துச் சபைக்குச் சேரவேண்டிய பணம். நீதவான் நீதிமன்றத்தில் விதிக்கப்படும் தண்டப்பணமும் அவ்வாறே. இவற்றோடு சோலைவரி, கடை வாடகை, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை. உமது ஊரிற் கடந்த ஆண்டு எத்தனை காணி உறுதிகள் எழுதப்பட்டன, அவற்றின் முத்திரைத் தீர்வையில் எவ்வளவு சபைக்கு வந்து சேர்ந்தது, எவ்வளவு இன்னும் மாகாணத்தில் நிலுவையாக நிற்கின்றது என்று கேட்ட உறுப்பினர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். கொழும்பிடம் வரவேண்டியதை மேடையிற் கேட்கின்ற நாவு, கூப்பிடு தூரத்திலிருந்து வரவேண்டியதைக் கேட்க ஏன் எழவில்லை?

சந்தையின் கதையைக் கமக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் கத்தரியையும் வெங்காயத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போகின்றவரிடம் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்று நிறையிற் பிடித்துக்கொள்ளும் வழக்கு எமது சந்தைகளில் வேரூன்றி நின்றதை அவர் அறிவார். அந்தச் சந்தை எவருடையது? சபையினுடையது. குத்தகைக்குக் கொடுத்தவர் எவர்? சபையார். எவ்வளவுக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் கேள்விப்பத்திரம் போட்டார்கள், கூடிய தொகை கேட்டவர் ஏன் தள்ளப்பட்டார், குத்தகைக்காரர் பாக்கி வைத்தாரா, வைத்திருந்தால் எப்போது அறவிடப்படும்? தன் விளைபொருளிற் பத்திலொன்றை இழந்தவனுக்கு இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை பெற உரிமையுண்டு. கேட்டாற் சந்தையில் அவனுக்கு இடம் கிடைக்காது என்று அஞ்சுகின்றான். அவன் அச்சத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவனுடைய வாக்கை வாங்கிச் சபைக்குப் போனவருக்கு என்ன அச்சம்?

சட்டத்திற் குறையில்லை. அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரை உள்ளூராட்சி மன்றங்களின் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம் ஆராயவேண்டுமென விதிக்கின்றது. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், மோசடியாலோ கவனயீனத்தாலோ சட்டத்துக்கு மாறாக நட்டம் விளைந்தால், அந்த நட்டத்தை அதற்குப் பொறுப்பானவரின் சொந்தப் பணத்திலிருந்தே அறவிட வழி வகுக்கின்றது. அறிக்கைகள் எழுதப்படுகின்றன, சபைக்கு அனுப்பப்படுகின்றன. அதன்பின் என்ன நடக்கின்றது? நிகழ்ச்சி நிரலின் கடைசியில், தேநீர் வந்து, பாதிப்பேர் எழுந்து போன பிறகு, “கணக்காய்வு வினாக்களுக்கு விடை அனுப்பப்பட்டது” என்று ஒரு வரி. முடிந்தது.

வரவுசெலவுத் திட்டம் என்றாற் சபைகளிலே சண்டை நடப்பதில்லையா என்று கேட்பீர்கள். நடக்கின்றது. 2020 டிசெம்பரில் யாழ்ப்பாண மாநகர சபையின் வரவுசெலவுத் திட்டம் இரு தடவை தோற்கடிக்கப்பட்டு, மாநகர முதல்வர் பதவியிழந்தார். பத்திரிகைகளில் அது பெருஞ் செய்தியாயிற்று. எவர் எவரோடு சேர்ந்தார், எவர் எவரைக் கவிழ்த்தார் என்று ஊரெல்லாம் பேசிற்று. கடந்த ஆண்டின் செலவு எந்தத் தலைப்பில் எவ்வளவு மிஞ்சிற்று என்று பேசியவர் எத்தனை பேர்? எமக்கு வரவுசெலவுத் திட்டம் என்பது நாற்காலியைக் கவிழ்க்கும் நெம்புகோல். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மாகாண சபைக் காலத்திலும் இதுவே நேர்ந்தது. முதலமைச்சர் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையை அடுத்து, 2017 யூனில் அமைச்சர்கள் இருவர் பதவி துறக்குமாறு கேட்கப்பட்டனர். அவர்கள் குற்றம் செய்தார்களா இல்லையா என்று ஈண்டு தீர்ப்புக் கூறுவது எனது நோக்கமன்று. தமிழ் ஆட்சி ஒன்று தன் அமைச்சர்களையே விசாரித்தது என்பது எமது வரலாற்றிற் பெருமைக்குரிய செயல். ஆனால் ஒரு வாரம் கழிவதற்குள் முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்தது, ஆதரவாகவும் எதிராகவும் அணிகள் திரண்டன, கடைகள் அடைக்கப்பட்டன. அந்த இரைச்சலில் அறிக்கை எங்கே போயிற்று? அதில் எழுப்பப்பட்ட பணக் கேள்விகளுக்கு என்ன முடிவு காணப்பட்டது? இன்று தெருவில் நிறுத்திக் கேட்டால் எவர் எந்த அணியில் நின்றார் என்று பத்துப் பேர் சொல்வார்கள். அறிக்கையில் என்ன இருந்தது என்று ஒருவர் சொல்வாரா என்பது ஐயமே.

இப்பொழுது அந்தக் “கொழும்பு சிரிக்கும்” வாதத்துக்கு வருவோம். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்தது. வடக்குக் கிழக்கின் மீட்புப் பணிக்கெனப் பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை 2005 யூன் 24இற் கைச்சாத்தாயிற்று. மூன்று வாரத்துள், யூலை 15இல், உயர் நீதிமன்றம் அதன் உயிர்நாடியான பகுதிகளை இடைநிறுத்திற்று. பிராந்திய நிதியம் அவற்றுள் ஒன்று. பணம் திறைசேரிக்குப் புறம்பாகப் போகலாகாது என்பது எதிர்த்தவர்களின் முதன்மையான வாதங்களுள் ஒன்று. நல்லது. அதே காலத்தில் தெற்கிலே என்ன நடந்தது? ஆழிப்பேரலை நிவாரணத்துக்கென வந்த பணத்தில் எட்டுக் கோடி ரூபாவுக்கு மேல் ‘ஹம்பாந்தோட்டைக்கு உதவுவோம்’ என்ற தனிக் கணக்குக்கு மாற்றப்பட்டதென்று குற்றச்சாட்டு எழுந்தது. பொலிசார் விசாரணை தொடங்கினர். 2006 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அந்த விசாரணையை நிறுத்திற்று. அன்று பிரதம நீதியரசராயிருந்த சரத் என். சில்வா 2014இல் அந்தத் தீர்ப்புக்காக நாட்டு மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இதிலிருந்து எம்மவர் சிலர் கற்கும் பாடம், “அவர்களே அப்படியென்றால் எங்களை மட்டும் ஏன் கேட்கிறாய்?” என்பது. இது திருடனுக்குத் திருடனைச் சாட்சி வைக்கும் பாடம். நான் காண்பது வேறு. எமக்குத் தரமாட்டோம் என்று கொழும்பு முடிவு செய்துவிட்டால், காரணம் தேடுவது அதற்கு ஒரு பொருட்டன்று. அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் எமது கணக்குப் புத்தகம் திறந்து கிடந்தால், அந்தக் காரணம் பொய்யென்று உலகின் முன் காட்ட எம்மிடம் கையிற் பொருள் இருக்கும். மூடிக் கிடந்தால் இருக்காது. முதலமைச்சர் நிதியம் அமைக்க இடந்தரவில்லை என்று நாம் முறையிட்டபோது, “உங்கள் பிரதேச சபைகளின் கணக்கு எப்படி?” என்று எதிர்த்தரப்பு அப்புக்காத்து ஒருவர் கேட்டிருந்தால் எமது விடை என்னவாக இருந்திருக்கும்? குறுக்கு விசாரணைக்குத் தன் சாட்சியை ஆயத்தம் செய்யாதவன் வழக்குக்குப் போகலாகாது. கொழும்பு சிரிப்பது கணக்குக் கேட்பதனால் அன்று, கணக்கு இல்லாததனால்.

சபைகளுக்காவது கணக்காய்வாளர் ஒருவர் இருக்கின்றார். அறநிலையங்களுக்கு? இங்கேதான் நோய் முற்றியிருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். தன் தந்தையார் நித்திய பூசைக்கென நான்கு பரப்புத் தோட்டக் காணியைக் கோயிலுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்திருந்தார். காணி குத்தகைக்குப் போகின்றது. பூசையோ எண்ணெய் இல்லாமல் நடக்கின்றது. குத்தகைப் பணம் எவ்வளவு என்று மனேச்சரைக் கேட்டிருக்கின்றார். “சுவாமிக்குக் கொடுத்துவிட்டுச் சுவாமியிடமா கணக்குக் கேட்கிறாய்?” என்று விடை வந்தது. கூடியிருந்தவர்களும் அதுவே நியாயம் என்றார்களாம். குத்தகைச் சீட்டிற் கையொப்பமிட்டவர் சுவாமி அல்லர் என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் இதனைத் தெளிவாகவே சொல்லுகின்றது. பொறுப்பாளர் சொந்தக்காரர் அல்லர். பரம்பரையாக இருந்தாலும் அல்லர். பாட்டனார் கட்டிய கோயிலானாலும், பொது வழிபாட்டுக்கு விட்ட பின் அல்லர். அந்தக் கோயிலை வழிபடும் ஐவர் சேர்ந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். முதலில் அரசாங்க அதிபருக்கு மனுக் கொடுத்து, அவர் நியமிக்கும் விசாரணையாளர், வழக்கு நீதிமன்றம் கவனிக்கத் தக்கதென்றும் சமாதானம் கைகூடவில்லையென்றும் அறிக்கை தரவேண்டும். பின்னர் கணக்கை ஒப்புவிக்கச் செய்யவும், பொறுப்பாளரை நீக்கவும், புதிய நிர்வாகத் திட்டம் வகுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கதவு திறந்தே இருக்கின்றது. ஐவர் வேண்டும், அவ்வளவே. அந்த ஐவர் கிடைப்பதில்லை. முதற் காளாஞ்சி எவருக்கு என்பதற்காகவும், எந்தத் திருவிழா எந்த உபயகாரருக்கு என்பதற்காகவும் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, காணியை ஈடு வைத்துக் கட்டணம் கட்டுகின்ற நாம், உண்டியலில் என்ன விழுந்தது என்பதற்காகக் கச்சேரிப் படி ஏறமாட்டோம். இதனால் எமது தொழிலுக்கு இலாபமே என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஊருக்கு என்ன இலாபம்?

பௌத்த விகாரைகளின் ஆதனங்களுக்கு 1931இல் ஒரு கட்டளைச்சட்டம் வந்தது. ஆறு மாதத்துக்கொரு முறை பொது நம்பிக்கைப் பொறுப்பாளருக்குக் கணக்கு அனுப்பவேண்டும் என்பது அதன் விதி. பள்ளிவாசல்களுக்கு 1956இல் வக்பு சட்டம் வந்தது. சைவ ஆலயங்களின் சொத்துக்களைப் பற்றி ஆராய அமைந்த சிறப்புக் குழு 1951இல் அறிக்கை கொடுத்தது, சட்டம் வரவில்லை. எமது கோயிலிற் கொழும்பின் கை நுழைந்துவிடும் என்ற அச்சம் அதற்குத் தடையாக நின்றது. அந்த அச்சம் நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன். இன்றும் கோயிலை அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்பாரோடு நான் உடன்படேன். ஆனால் அரசாங்கத்தின் கண் வேண்டாம் என்று மறுத்தவர்கள், ஊரின் கண்ணும் வேண்டாம் என்று மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அரசாங்கத்துக்கு அஞ்சிப் பூட்டிய கதவு அடியாருக்கும் பூட்டியே கிடக்கின்றது.

கடல் கடந்து வரும் பணத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. இலண்டனிலும் தொரொன்ரோவிலும் இரவு வேலை செய்து உழைத்த பணம் ஊர் அபிவிருத்திச் சங்கத்துக்கும், பழைய மாணவர் சங்கத்துக்கும், இராசகோபுரத்துக்கும் வருகின்றது. அனுப்பியவருக்குக் கிடைப்பது நிழற்படம் ஒன்று. பொன்னாடை போர்த்தியபடி தலைவர் நிற்கும் நிழற்படம். பற்றுச்சீட்டுக் கேட்டால் மனம் புண்பட்டுப் போகின்றது. போரிற் கணவனை இழந்தவளுக்கென்று அனுப்பிய கோழிக்கூடு எத்தனை வாசலைச் சுற்றி வந்தது என்று அவளைக் கேட்டாலன்றித் தெரியாது.

இதற்கு மாறான மரபு எமக்குத் தெரியாததன்று. யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கி 1929இல் தொடங்கிற்று. மூளாயிற் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையை 1930களிலேயே கட்டினோம். ஐக்கிய நாணய சங்கத்தில் பத்து ரூபா பங்கு வைத்திருந்த கமக்காரன், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, விளக்கெண்ணெய்ச் செலவு ஏன் கூடிற்று என்று கேட்டான். செயலாளர் விடை சொன்னார். ஒருவரும் அவனைத் துரோகி என்று சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டத்தின் கீழும் பதிவுபெற்ற ஒவ்வொரு சங்கமும் கணக்காய்வுக்கு உட்பட்டதே. பிற்காலத்திற் கூட்டுறவுக்கு நேர்ந்த கதி வேறு கதை. அதில் அரசியல் புகுந்த வகையை இன்னொரு நாள் எழுதலாம். ஆனால் புகையிலைக் கமக்காரர் நடத்திய சங்கத்தில் இருந்த ஒழுங்கு, பட்டதாரிகள் நடத்தும் அறக்கட்டளையில் இல்லையென்பது வெட்கக்கேடு.

ஆம், பட்டதாரிகள். இந்தப் பத்திரிகையை வாசிக்கும் வைத்தியர்களையும், பொறியியலாளர்களையும், ஆசிரியர்களையும், எனது சொந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களையும் விளித்தே சொல்லுகின்றேன். உங்கள் பெயர் எத்தனை சங்கங்களின் கடிதத் தலைப்பிற் போஷகர் என்று அச்சாகியிருக்கின்றது? அவற்றுள் எத்தனையின் ஐந்தொகையை நீங்கள் கண்ணாற் கண்டீர்கள்? கௌரவ கணக்காய்வாளர் என்ற பெயரில், பொருளாளரின் மைத்துனர் ஒருவர் விருந்துக்குப் போகுமுன் அரை மணி நேரத்தில் ஒப்பமிட்டுக் கொடுக்கும் தாளுக்கு உங்கள் பெயரே பிணையாக நிற்கின்றது. ஏழை பணம் கொடுப்பது சங்கத்தின் பெயரைப் பார்த்தன்று. “டொக்டர் ஐயா இருக்கிறார்” என்று சொல்லிக் கொடுக்கின்றான்.

இனிச் செய்யவேண்டியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கின்றது. உள்ளூராட்சி மன்றங்கள் அனைத்தும் அதற்குட்பட்டவை. அரசாங்கத்திடமோ வெளிநாட்டு அரசுகளிடமோ சர்வதேச நிறுவனங்களிடமோ பெரும்பாலும் பணம் பெற்றுப் பொதுச்சேவை செய்யும் அரசு சாரா நிறுவனங்களும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை, உட்பட்டவையே. காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயாலும் கேட்கலாம். தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுள் விடை தரவேண்டும், தராவிட்டாற் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பின் ஆணைக்குழு. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் நான்கே நான்கு கேள்விகளை எழுதிக் கொடுக்கட்டும். கடைசிக் கணக்காய்வு அறிக்கையின் பிரதி எங்கே? அதற்குச் சபை கொடுத்த விடை என்ன? சந்தைக் குத்தகைகளின் தொகையும் பாக்கியும் எவ்வளவு? முத்திரைத் தீர்வையில் வந்தது எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு? தனியொருவர் கேட்டால் அவரைச் சுற்றி வளைப்பார்கள். ஒரே கிழமையிற் பதினேழு சபைகளிலும் கேட்டால் எவரை வளைப்பது?

அறநிலையங்களுக்குச் சட்டத்தை எதிர்பார்க்க வேண்டாம். கொடியேற்றத்துக்கு முன் கடந்த ஆண்டு வரவும் செலவும் கோயில் வாசலில் ஒட்டப்படாவிட்டால், உபயகாரர் தமது உபயப் பணத்தை அந்த ஆண்டு வங்கியிலே வைத்திருக்கட்டும். சுவாமி கோபிக்கமாட்டார்.

கட்சிக்கும் ஒரு வார்த்தை. இது என் சொந்த வீட்டுக்குச் சொல்வது. வேட்பாளர் பட்டியல் எழுதும் இரவுகளில் நானும் அந்த மேசையில் இருந்திருக்கின்றேன். சாதி பார்க்கின்றோம், உறவு பார்க்கின்றோம், எந்த ஊரில் எத்தனை வாக்கு என்று பார்க்கின்றோம். அடுத்த முறை, சபையில் ஏற்கெனவே இருந்தவர் எவராயினும், தம் காலத்துக் கணக்காய்வு அறிக்கைகளையும் அவற்றுக்குத் தாம் கொடுத்த விடைகளையும் தம் வட்டாரத்துப் பொதுக்கூட்டத்தில் வாசித்த பின்பே விண்ணப்பப் பத்திரம் பெறட்டும். கூட்டம் நடந்த திகதியும், வந்தவர் தொகையும், கேட்கப்பட்ட கேள்விகளும் அந்தப் பத்திரத்தோடு இணைக்கப்பட வேண்டும். இதனைத் தீர்மானமாக எழுதி மாவட்டக் கிளைக்கு அனுப்புகின்றேன். கிளைக் கூட்டத்தில் ஆதரித்துக் கையுயர்த்த விரும்பும் அன்பர்கள் முன்கூட்டியே பெயர் தரலாம்.